சட்டத்தின் மூலப்பக்கம் நம் கைக்கு வருவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

முன்னுரை

"எனக்குச் சட்டம் தெரியாது" என்று சொல்லி எவரும் சட்டத்தின் பிடியிலிருந்து தப்ப முடியாது. கற்றவர், கல்லாதவர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. நாட்டு மக்கள் அனைவருக்கும் சட்டம் தெரியும் என்று கொண்டுதான் நீதிமன்றங்கள் வழக்குகளை விசாரிக்கின்றன. அப்படியானால் அந்தச் சட்டம் எங்கே இருக்கிறது? ஒரு சாதாரண மனிதன் அதை எடுத்துப் படிக்க வழி உண்டா? இக்கேள்விகள் இயல்பாகவே எழுகின்றன.

இத்தகைய கேள்வி ஒன்றை நம் உச்ச நீதிமன்றமே 1951-ஆம் ஆண்டில் ஆராய வேண்டி வந்தது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் ஆட்சியை நடத்திவந்த அமைச்சரவை, 1923 டிசம்பர் 11-ஆம் நாள் ஒரு தீர்மானத்தின் மூலம் அபினிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டம் அரசிதழில் வெளியிடப்படவில்லை. வேறு எவ்வகையிலும் மக்களுக்கு அறிவிக்கப்படவும் இல்லை. பின்னாளில் ஹர்லா என்பவருக்கு அதே சட்டத்தின்கீழ் 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மக்கள் அறிந்துகொள்ள வாய்ப்பே அளிக்காத ஒரு தீர்மானத்தைக் கொண்டு அவர்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரணானது என்று நீதிபதி விவியன் போஸ் தம் தீர்ப்பில் விளக்கினார். தண்டனை நீக்கப்பட்டது. ஐம்பது ரூபாய் அபராதத்தில் தொடங்கிய வழக்கு, நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிய ஒரு கொள்கையை நிலைநாட்டிவிட்டது.

இன்று சட்டங்கள் முறையாக வெளியிடப்படுகின்றன. ஆயினும் சென்னையிலும் தில்லியிலும் அச்சாகும் பக்கம், சிற்றூரிலிருந்து பேருந்தில் கல்லூரிக்கு வந்துபோகும் ஒரு மாணவனின் கையை எப்படி எட்டும்? அதற்கு நூலகங்கள் அமைத்துள்ள ஒரு வழி இருக்கிறது. நம்மில் பலர் அறியாத அவ்வழியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல்நூலும் வழிநூலும்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூவகையாகப் பகுக்கிறது நன்னூல். தமிழ் வகுப்பில் நாம் படித்த இப்பகுப்பு சட்ட நூல்களுக்கும் நன்கு பொருந்துகிறது.

சட்டத்தில் முதல்நூல் என்று சொல்லத்தக்கவை சில உண்டு. அரசியலமைப்பும், நாடாளுமன்றமும் சட்டமன்றமும் இயற்றிய சட்டங்களும் முதலாவது. அச்சட்டங்களின்கீழ் அரசு வகுக்கும் விதிகளும் அறிவிக்கைகளும் இரண்டாவது. இவை அரசிதழில் வெளிவருகின்றன. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் ஆகியவற்றின் தீர்ப்புகள் மூன்றாவது. அரசுத் துறைகள் பிறப்பிக்கும் அரசாணைகளையும் இவற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். சட்ட வல்லுநர்கள் எழுதும் விளக்கவுரைகள் வழிநூல்கள். தேர்வுக்கான வழிகாட்டிகள், செய்தித்தாள் கட்டுரைகள், கேள்வி பதில் பகுதிகள் முதலியன சார்புநூல்கள்.

வழிநூல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளக்கவுரையின் துணையின்றிச் சில சட்டங்களைப் புரிந்துகொள்வதே கடினம். ஆனால், ஆய்வுக்கூடத்தில் சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதிவிட்டால், கம்பியின் மின்தடையை நாம் அளந்ததாக ஆகிவிடாது. கருவியின் முள் எங்கே நிற்கிறது என்பதை நாமே பார்க்க வேண்டும். சட்டத்திலும் ஒரு சொல் கூடினாலோ குறைந்தாலோ பொருள் மாறிவிடும். அதனால்தான் மூலத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு சொற்கள் செய்த வேலை

மூலத்தைப் பார்ப்பதால் என்ன பயன் என்பதை எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றைக் கொண்டே விளக்குகிறேன்.

என் பெரியப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவருடைய நஞ்சை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுது வருகிறார். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. போகத்திற்கு இத்தனை மூட்டை என்று வாய்ப்பேச்சாகவே எல்லாம் நடந்துவந்தது. சென்ற ஆண்டு அந்த நிலம் கைமாறப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. "பத்திரம் இல்லாத குத்தகைக்கு எந்த உரிமையும் கிடையாது" என்று ஊரில் சிலர் சொன்னார்கள். "பல வருசம் உழுதவனுக்கே நிலம் சொந்தம்" என்று வேறு சிலர் சொன்னார்கள். இரு சாராரும் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று சத்தியம் செய்யாத குறை. வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. "தம்பி, நீதான் படிக்கிற புள்ள. என்னன்னு பாத்துச் சொல்லுப்பா" என்று பெரியப்பா கேட்டார்.

நம் கல்லூரி நூலகத்தில் சட்டப் புத்தகங்கள் மிகச் சில. இருப்பினும் நூலகர் ஐயா கைவிரித்துவிடவில்லை. எதைப் பற்றிய சட்டம் என்று கேட்டு, ஒரு பழைய அட்டவணையைப் புரட்டிப் பார்த்து, "சென்னைப் பயிரிடும் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம், 1955-ஆம் ஆண்டின் 25-ஆவது சட்டம்" என்று ஒரு சீட்டில் குறித்தார். பிறகு வேறொரு நூலகத்திற்குக் கல்லூரியின் பெயரால் கடிதம் எழுதினார். இரண்டு வாரங்கள் கழித்து ஒளிநகல் தபாலில் வந்து சேர்ந்தது.

ஆங்கிலத்தில் இருந்த அப்பக்கங்களைப் பேராசிரியர் ஒருவரின் துணையோடு படித்தேன். பிறருக்கு உரிய நிலத்தில் தன் உடலுழைப்பாலோ தன் குடும்பத்தார் உழைப்பாலோ பயிர் செய்பவரையே அச்சட்டம் பயிரிடும் குத்தகையாளர் என்கிறது. அவருக்குக் குத்தகை ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தம் வெளிப்படையாகவும் இருக்கலாம், உட்கிடையாகவும் இருக்கலாம் என்று இரண்டு சொற்களைச் சேர்த்திருக்கிறது. பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் உரிமை போய்விடாது என்பது அவ்விரு சொற்களால் விளங்கிற்று. சட்டத்தில் சொல்லிய காரணங்கள் இருந்து, உரிய வருவாய் அதிகாரி உத்தரவிட்டாலன்றி அத்தகையவரை நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது. அதே சமயம் நிலத்தைக் குத்தகையாளருக்குச் சொந்தமாக்கும் பிரிவு எதுவும் அதில் இல்லை. குத்தகையைச் செலுத்தாமல் பாக்கி வைப்பது வெளியேற்றத்திற்கு ஒரு காரணமாகலாம் என்பதும் அதிலேயே இருந்தது. ஆக, ஊரில் இரு சாராரும் சொன்னது சரியன்று.

அடுத்து, குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே 1969-ஆம் ஆண்டின் 10-ஆவது சட்டம் ஒன்று இருப்பதை அறிந்தோம். அதன்படி பெரியப்பா விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். அது இன்னும் நிலுவையில் உள்ளது. முடிவு எப்படி அமையும் என்பது வேறு. ஆனால் அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும், எந்த ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது அவருக்கு இப்போது தெரியும். யாரோ சொன்னார்கள் என்று அவர் பேசுவதில்லை.

குறிப்பு என்னும் திறவுகோல்

மற்றொரு நூலகத்திலிருந்து எதையும் பெற வேண்டுமானால் நாம் கேட்பது திட்டவட்டமாக இருக்க வேண்டும். "குத்தகைச் சட்டம் வேண்டும்" என்று எழுதினால் எந்த நூலகரும் உதவ இயலாது. சட்டமாயின் அதன் பெயர், எண், ஆண்டு ஆகிய மூன்றும் வேண்டும். அரசாணையாயின் எண், நாள், துறை வேண்டும். அறிவிக்கையாயின் அது வெளிவந்த அரசிதழின் நாளும் பகுதியும் வேண்டும்.

தீர்ப்புகளுக்கு ஒரு சுருக்கக் குறியீடு உண்டு. எடுத்துக்காட்டாக, ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226 என்பதைப் பார்ப்போம். ஏ.ஐ.ஆர். என்பது ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்னும் தீர்ப்புத் திரட்டு. 1951 என்பது தொகுதியின் ஆண்டு. எஸ்.சி. என்பது உச்ச நீதிமன்றம். 226 என்பது தீர்ப்பு தொடங்கும் பக்கம். இந்த நான்கும் தெரிந்தால் எந்த ஊர் நூலகத்திலும் அந்தப் பக்கத்தைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம்.

அந்தப் பக்கத்தில் இருப்பது என்ன தெரியுமா? சென்னை மாநில அரசுக்கும் செண்பகம் துரைராஜனுக்கும் நடந்த வழக்கின் தீர்ப்பு. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசின் ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது அத்தீர்ப்பில்தான். அதன் விளைவாக அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது; பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் முன்னேற்றத்திற்குத் தனி ஏற்பாடுகள் செய்ய வழிவகுக்கும் 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. இட ஒதுக்கீட்டைப் பற்றி நம் விடுதியில் நள்ளிரவு வரை வாதம் நடக்கிறது. அந்தத் தீர்ப்போ சில பக்கங்களே. வாதிடும் நண்பர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு வாதிட்டால் வாதம் இன்னும் சுவைக்கும். முன்பு சொன்ன ஹர்லா வழக்கும் அதே 1951-ஆம் ஆண்டுத் திரட்டில் 467-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் நினைவில் கொள்ள வேண்டும். நம் மாநிலம் 1969-இல்தான் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. அதற்கு முந்திய சட்டங்கள் பழைய தொகுதிகளில் சென்னைச் சட்டம் என்ற பெயரிலேயே இருக்கும். பழைய அரசிதழும் ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட் என்ற பெயரில் அட்டவணையில் இருக்கும். இன்றைய பெயரை மட்டும் தேடினால் இருப்பதும் இல்லாததுபோல் தோன்றும்.

நூலகத்திலிருந்து நூலகத்திற்கு

நூலகங்கள் தம்முள் நூல்களைக் கொடுத்து வாங்கும் முறைக்கு இன்டர் லைப்ரரி லோன் என்று பெயர். நூலகங்களுக்கிடை இரவல் என்று தமிழில் சொல்லலாம். இதன் முதல் விதி, கேட்பவர் வாசகர் அல்லர், நூலகம் என்பதே. நாம் நம் நூலகரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் பிற நூலகத்தைக் கேட்பார். நூல் வந்தால் அதற்குப் பொறுப்பு நம் நூலகம். தொலைந்தாலும் கிழிந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நம் நூலகரே. நம்மை நம்பி அவர் தம் பெயரை அடகு வைக்கிறார் எனலாம். ஆகையால் இரவல் நூலில் கோடு போடுவதும், தவணை தாண்டி வைத்துக்கொள்வதும் நமக்குப் பின் கேட்க வரும் மாணவனின் வழியை அடைப்பதாகும்.

சட்ட மூலங்களைத் தேட முதலில் அருகில் உள்ள இடங்களைப் பார்க்க வேண்டும். மாவட்ட மைய நூலகம், அரசு சட்டக் கல்லூரி நூலகம், பல்கலைக்கழக நூலகம் ஆகியவை அத்தகையவை. அங்கும் இல்லையெனில் சென்னை. 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் ஒரு படியைப் பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. மற்றவை கொல்கத்தா, மும்பை, தில்லி ஆகிய நகரங்களில் உள்ளன. அலுவலகப் பயன்பாட்டிற்கென்றே அச்சிட்டவை நீங்கலாக அரசு வெளியீடுகளும் இச்சட்டத்தில் அடங்கும். மிகப் பழைய அரசிதழ்களுக்கும் அரசாணைகளுக்கும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

பிற மாநில நூலகங்களை எட்ட டெல்நெட் என்னும் நூலக வலையமைப்பு உதவுகிறது. 1988-இல் தில்லியில் தொடங்கிய இது இன்று நாடெங்கும் பரவியுள்ளது. இதில் உறுப்பினராக உள்ள நூலகம், மற்றோர் உறுப்பு நூலகத்தில் உள்ள நூலைத் தேடிக் கண்டு கேட்டுப் பெறலாம். அறிவியல் மாணவர்களுக்கு இது புதிய கருத்தன்று. 1952-இல் தில்லியில் அமைந்த இன்ஸ்டாக் நிறுவனம், ஆய்வுக் கட்டுரைகளின் நகல்களை நாட்டின் பல பகுதி விஞ்ஞானிகளுக்கும் அனுப்பி வந்தது. இயற்பியலுக்குக் கிடைத்த அந்த வசதி சட்டத்திற்கும் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நூல் வருமா, நகல் வருமா?

விளக்கவுரை போன்ற தனி நூல்கள் இரவலாக வரக்கூடும். ஆனால் தீர்ப்புத் திரட்டுகளையும் அரசிதழ்த் தொகுதிகளையும் நூலகங்கள் பொதுவாக வெளியே அனுப்புவதில்லை. வரிசையில் ஒரு தொகுதி போனாலும் அங்கே தேடிவரும் பலர் ஏமாந்து திரும்ப நேரிடும். எனவே தேவையான பக்கங்களின் நகலைக் கேட்பதே முறை. நகல் கட்டணமும் தபால் செலவும் நம்முடையவை. முழுச் சட்டத்தையும் கேட்பதற்கு முன் எந்தப் பிரிவுகள் வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டால் செலவு குறையும்.

நகலெடுப்பது பதிப்புரிமைக்கு மாறாகாதா என்று சிலர் ஐயுறலாம். அரசிதழில் வெளியானவற்றையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் மறுபதிப்புச் செய்வது உரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. நீதிமன்றம் தடை செய்த தீர்ப்புகள் மட்டும் விலக்கு. சட்டத்தை விளக்கவுரையோடு சேர்த்து அச்சிடவும் அப்பிரிவு இடம் தருகிறது. ஆனால் திரட்டு வெளியிடுவோர் தீர்ப்பின் தலைப்பில் தாமே எழுதிச் சேர்க்கும் சுருக்கம் அவர்களுடைய படைப்பு. தீர்ப்பின் மூல வாசகம் பொதுச்சொத்து, பதிப்பாளர் தம் அறிவால் சேர்த்தது அவர் உரிமை என்ற வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் விளக்கியுள்ளது. இச்சுருக்கம் தீர்ப்பின் பகுதியன்று என்பதையும் படிப்பவர் மறத்தலாகாது. மூலம் அதற்குக் கீழேதான் தொடங்குகிறது.

கையில் அலைபேசி இருக்க நூலகம் எதற்கு?

இக்கேள்வியை நண்பர்கள் கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. மத்திய அரசின் இந்தியா கோடு தளத்தில் நடப்பிலுள்ள சட்டங்களைக் காணலாம். உச்ச நீதிமன்றம் தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் திரட்டை 2023 ஜனவரி முதல் கட்டணமின்றி இணையத்தில் படிக்கத் தந்திருக்கிறது. இந்திய அரசிதழ் 2015 முதல் மின்வடிவில் வெளியிடப்படுகிறது. இவை பெரும் பேறு. முதலில் அங்கே தேடுவதே சரி.

ஆனால் சட்டம் காலத்தோடு மாறுவது. இன்றைய வாசகம் இணையத்தில் கிடைத்துவிடும். 1962-இல் அதே பிரிவு எப்படி இருந்தது என்பதற்குப் பழைய தொகுதி வேண்டும். நிலத்தகராறுகளில் பெரும்பாலும் வேண்டியிருப்பது அதுதான். ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும், அது நடப்பில் இருந்தபோது ஏற்பட்ட உரிமைகளும் பொறுப்புகளும் பொதுவாக நீங்கிவிடா என்று 1897-ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டம் கூறுகிறது. 1860-இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. எனினும் அந்நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஆதலால் பழைய சட்டப் புத்தகங்களைக் காலாவதியானவை என்று எடைக்குப் போட்டுவிடலாகாது.

எந்த நூலகத்திலும் கிடைக்காத அரசாணையாயின், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உரிய துறையையே கேட்கலாம். அதற்கான விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.

முடிவுரை

சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். அரங்கநாதன், ஒவ்வொரு வாசகரும் தமக்குரிய நூலைப் பெற வேண்டும் என்பதை நூலகத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக வைத்தார். 1948-இல் நம் மாநிலத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்திற்கு அவர் முயற்சி பெருந்துணையாக இருந்தது. அச்சட்டத்தின் பயனாகவே நம் பெற்றோர் கட்டும் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகிறது. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டனாரும் அவ்வரியைக் கட்டியிருக்கிறார். நூலகத்தின் வாசலில் நாம் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

நம் கல்லூரியில் படிப்போருள் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பட்டா, குத்தகை, கூலி, உதவித்தொகை என்று ஊரார் நம்மிடம் கேட்டு வருவது இயற்கை. "படித்த பிள்ளை" சொல்லும் சொல்லை அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, தெரிந்ததுபோல் பேசாமல் மூலத்தைத் தேடிப் படித்துச் சொல்வதே. வழக்கறிஞரின் வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை. வழக்கறிஞரிடம் போகுமுன் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கினால் போதும்.

இதற்காக நம் நூலகத்தில் ஒரு தடித்த நோட்டு வைக்கலாம் என்பது என் வேண்டுகோள். எந்தச் சட்டம், எந்த எண், எந்த நூலகத்திலிருந்து, எத்தனை நாளில் வந்தது என்று கேட்டுப் பெற்ற ஒவ்வொருவரும் அதில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். வந்த நகலின் ஒரு படியைக் கோப்பிலும் சேர்க்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் நம் பகுதி மக்களுக்கு மிகவும் தேவையான சட்டங்கள் நம் நூலகத்திலேயே திரண்டுவிடும். பேராசிரியப் பெருமக்களும் நூலகர் ஐயாவும் இசைந்தால் வரும் கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே தொடங்கலாம். முதல் வரியாக 1955-ஆம் ஆண்டின் 25-ஆவது சட்டத்தை நான் எழுதிவைக்கிறேன்.